பூக்காலண்டரும் நிழல் கணக்கும்

சென்னையும் பெங்களூருவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 13 டிகிரி வடக்கில் இருக்கின்றன. பகலின் நீளம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் ஜகரண்டா மரத்துக்கு இவை வேறு வேறு உலகம். பெங்களூருவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டுக் கிளையெல்லாம் ஊதாப் பூவாக நிற்கும் அதே மரத்தைச் சென்னையில் நட்டால் வளரும், தழைக்கும்; பூக்கிற விஷயத்தில் மட்டும் பெரும்பாலும் கை விரித்துவிடும். காரணம் உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் அங்கே இறங்கும் குளிர் சென்னைக்கு வாய்ப்பதில்லை. அர்ஜென்டினா, பொலிவியா பக்கத்து மரம் அது. குளிரும் அதன் பின்னே வறட்சியும் வந்தால்தான் மொட்டு விடத் துணிகிறது.

நர்சரியில் கன்று வாங்கும்போது சொல்லப்படும் ‘பூக்கும் மாதம்’ என்பதில் பாதிதான் மரத்தின் குணம். மீதிப் பாதி ஊரின் குணம். இதைப் புரிந்துகொண்டு ஒரு நகரத்தையே பூ வரிசையாக அடுக்கிப் பார்த்தவர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல். 1865-இல் ஜெர்மனியில் ட்ரெஸ்டனுக்கு அருகில் பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1893-இல் பரோடா மன்னரின் தோட்டங்களைக் கவனிக்க இந்தியா வந்து, 1908-இல் மைசூர் சமஸ்தானத்துக்கு மாறி, பெங்களூருவின் லால்பாக் தோட்டப் பொறுப்பை ஏற்றார். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பவில்லை. 1956-இல் பெங்களூருவிலேயே காலமானார்.

அவருடைய யோசனையைச் சொல்வது சுலபம். ஒரு சாலையில் பூ முடிகிற நேரத்தில் அடுத்த சாலையில் பூ தொடங்க வேண்டும்; ஆண்டு முழுவதும் நகரத்தின் ஏதாவது ஒரு பக்கம் பூத்திருக்க வேண்டும். அதற்கேற்ற மரங்களை உலகெங்கும் இருந்து வரவழைத்து, லால்பாக்கில் வைத்துப் பார்த்து, இந்த மண்ணுக்கும் குளிருக்கும் ஒத்துவந்தவற்றைச் சாலைக்கு அனுப்புவது. தொடர் பூப்பு என்று இதைச் சொல்லலாம்.

இன்றைய பெங்களூருவில் அந்தக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தால் இப்படி வரும். ஆண்டுக் கடைசியில் மரமல்லி. இரவில் மலர்ந்து விடியலில் நடைபாதையை வெள்ளையாக்கிவிடும். தை பிறந்ததும் இளஞ்சிவப்பு டபேபூயா. அதன் பின்னாலேயே மஞ்சள் டபேபூயாவும் ஜகரண்டாவும். பங்குனி வாக்கில் புங்கை. சித்திரை, வைகாசியில் குல்மோகர், பெருங்கொன்றை, சரக்கொன்றை, பூமருது எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும். பெருங்கொன்றை மழைக்காலத்தில் இன்னொரு சுற்று வரும். ஆப்பிரிக்க டூலிப் கணக்குப் பார்க்காமல் அவ்வப்போது சிவப்புக் காட்டிக்கொண்டே இருக்கும். இதன் மொட்டைக் கிள்ளினால் தண்ணீர் பீய்ச்சும் என்பதால் கன்னடத்தில் இதற்கு ‘நீருகாயி மரம்’ என்றே பெயர். பள்ளிக்கூடப் பையன்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். இவை அத்தனையும் க்ரும்பீகல் காலத்தில் நட்டவை அல்ல, பல பின்னால் வந்தவை. அடுக்கும் யோசனைதான் அவருடையது.

மரம் எப்படி மாதம் பார்க்கிறது என்பது இந்தத் திட்டத்தின் அடித்தளம், அதன் பலவீனமும்கூட. குளிர்நாடுகளில் பகல் நீள்வதும் குறுகுவதும் பெரிய சைகை. 13 டிகிரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே இங்கே பல மரங்களுக்கு ஈரம்தான் கடிகாரம். கோஸ்ட்டா ரிக்காவின் வறண்ட காடுகளில் ரோல்ஃப் போர்ஷர்ட் என்ற தாவரவியலாளர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இலை இருக்கும்வரை வேர் இழுக்கும் தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிடுகிறது. வறட்சியில் இலை கொட்டியதும் அந்தச் செலவு நிற்கிறது. தண்டில் ஈரம் மறுபடி ஏறுகிறது. முன்பே உருவாகி உறங்கிக்கொண்டிருந்த மொட்டு விரிகிறது. நடுவில் ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் சில நாட்களில் மரங்கள் கூட்டாகப் பூத்துக் கொட்டிவிடும். காகிதப்பூச் செடிக்குத் தண்ணீரைக் குறைத்தால் பூக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த வித்தைதான். மரங்களிலும் ஏறக்குறைய அதே கதை, அளவுதான் பெரிது.

எல்லா மரமும் ஒரே மாதிரி செலவு செய்வதில்லை. தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி 1974-இல் பிக்னோனியா குடும்பத்தின் பூக்கும் முறைகளை வகைப்படுத்தினார். ஒருசில நாட்களில் மொத்தத்தையும் வெடித்துத் தீர்ப்பவை, சில வாரங்களுக்கு அள்ளி இறைப்பவை, நாளுக்கு நாலு பூ என்று மாதக்கணக்கில் ஓட்டுபவை. ஜகரண்டா, டபேபூயா, மரமல்லி, ஆப்பிரிக்க டூலிப் நான்குமே இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். தோட்டக்கலைஞர்கள் தேடிப் பிடிப்பது பெரும்பாலும் அள்ளி இறைக்கும் ரகத்தை. சாலையில் போகிறவர் கண்ணில் படுவது அதுதானே.

தொடர் பூப்பு முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதலாவது, பலரும் கவனிக்காதது: ஆண்டு முழுக்கப் பூ வேண்டும் என்றால் ஒரே மரத்தை வைத்து ஒப்பேற்ற முடியாது. பத்துப் பதினைந்து வகையாவது வேண்டும். அழகுக்காகச் செய்த ஏற்பாடு, தன்னையறியாமல் பன்மைக்கு வழி செய்துவிட்டது. ஒரு பூச்சியோ பூஞ்சையோ வந்தால் ஒரு சாலை போகுமே தவிர ஊர் மொட்டையாகாது.

இரண்டாவது, பூ மரத்துக்கு ஆள் சேர்க்கிறது. பச்சையாக நிற்கும் மரத்தை வெட்டினால் ‘ஏதோ மரம்’ என்று கடந்துவிடுபவர்கள்கூட, ஒவ்வொரு பிப்ரவரியிலும் பார்த்துப் பழகிய ஊதா மரத்தை வெட்ட வந்தால் வாசலுக்கு வருகிறார்கள். சாலை அகலப்படுத்தலுக்கும் மெட்ரோவுக்கும் மரம் வெட்டுவதை எதிர்த்துப் பெங்களூருவில் நடந்த போராட்டங்களுக்கும், 2014-இல் அங்கே குடிமக்களே தொடங்கிய ‘நெரளு’ என்ற மரத் திருவிழாவுக்கும் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. நெரளு என்றால் நிழல். பூவின் பெயரில் அல்ல, நிழலின் பெயரில் விழா எடுத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஏனென்றால் காலண்டரின் குறை அங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூருவின் வெயில் உச்சம் மார்ச், ஏப்ரல் மாதங்களில். டபேபூயாவும் ஜகரண்டாவும் இலையை உதிர்த்து நிற்பது பிப்ரவரி, மார்ச்சில். மேலே சொன்ன கணக்குப்படி இலையை விட்டால்தான் இந்த மரங்களுக்குப் பூ. அதாவது, வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் சாலையோர மரம் குடையை மடித்து வைத்துவிட்டு ஜரிகை கட்டிக்கொள்கிறது. காருக்குள் இருந்து பார்ப்பவருக்கு அது காட்சி. அதே மரத்தடியில் கூடை வைத்திருக்கும் பூக்காரம்மாவுக்கு, தலைக்கு மேல் அத்தனை பூ இருந்தும் நிழல் இல்லை. தொடர் பூப்புக் காலண்டரில் நிறத்துக்குக் கட்டம் உண்டு, இலைக்குக் கட்டம் இல்லை. க்ரும்பீகல் காலத்தில் இது பெரிய குறையாக இருந்திருக்காது. அகலமான சாலை, இருபுறமும் பங்களா, அதன் காம்பவுண்டுக்குள் மா, பலா, நாவல். சாலை மரம் நிழல் தராவிட்டால் வீட்டு மரம் தந்துவிடும். இன்று அந்தக் காம்பவுண்டுகளில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. நிழலுக்கென்று மிச்சம் இருப்பது சாலை மரம் மட்டும்.

அதற்கும் முன்னால் பெங்களூருவைச் சுற்றிய கிராமங்களில் குண்டுதோப்புகள் இருந்தன. மா, புளி, பலா, நாவல், ஆல், அரசு என்று ஊர்ப் பொதுவில் வைத்த தோப்புகள். அங்கே பூ கணக்கிலேயே கிடையாது, காயும் நிழலும்தான். தோட்டக்கலை என்ற பெயரில் வந்த ரசனை அந்தப் பழைய கணக்கை மாற்றிப் போட்டது.

அதே தலைமுறையில் இன்னொரு கியூ தோட்டத்துக்காரர் நேர் எதிர்த்திசையில் போனதுதான் வேடிக்கை. புதுடில்லியின் சாலைகளுக்கு மரம் வைத்த வில்லியம் மஸ்டோவும் அவருடன் இருந்த திட்டக்காரர்களும் பூவுக்கு மயங்கவில்லை. வேம்பு, நாவல், மருது, புளி என்று பசுமை நீடித்து நிற்கும் மரங்களைத் தேர்ந்து, பெரும்பாலும் சாலைக்கு ஒரு வகையாக வைத்தார்கள். படம் எடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாவல் பழுக்கும் ஜூலையில் நடைபாதை ஊதாவாகி வழுக்கும், அதுதான் அங்கே ‘வண்ணம்’. ஆனால் மே மாத டில்லியில் அந்தச் சாலைகளில் நடக்க முடிகிறது. ஒரு வகையை மட்டும் ஒரு சாலை முழுக்க நட்டது அங்கே உள்ள பலவீனம். நூறாண்டு கடந்து எல்லாம் ஒரே நேரத்தில் கிழடாகி நிற்கின்றன. டில்லியின் தேர்வையும் பெங்களூருவின் பன்மையையும் சேர்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பூவை மட்டும் பார்த்துத் தேர்ந்ததால் உடலைப் பார்க்க மறந்தது அடுத்த குறை. குல்மோகர் மடகாஸ்கரின் வறண்ட காட்டு மரம். உயரத்தைவிட அகலத்தில் ஆசை கொண்டது. கிளைகள் கிடைவாட்டில் நீண்டு குடையாக விரியும். மரக்கட்டை வலுவற்றது. வேர் ஆழம் போகாமல் மேற்பரப்பிலேயே பரவி, தண்டின் அடியில் சுவர் போல எழும்பி நடைபாதைக் கல்லைப் பெயர்க்கும். திறந்த மைதானத்தில் இதைவிட அழகான மரத்தைக் காட்டுவது கடினம். இருபதடிச் சாலையில், ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் மாடி பால்கனி என்றால், அதன் இயல்பே அதற்கு எதிரி. பிறகு கிளை கழிக்க ஆள் வருவார்கள். கம்பிப் பக்கம் மட்டும் வெட்டுவதால் பாரம் சாலைப் பக்கம் சாய்கிறது. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் பட்டையோடு ஒட்டி நிற்குமே தவிர மரத்தின் உள்ளே பிடிப்பு இருக்காது. குல்மோகர் கிளை நுனியில் பூக்கிற மரம் வேறு. கோடைக்கு முன்னால் நுனியைக் கழித்தால் அந்த ஆண்டுப் பூவும் அதோடு போகும். மதுரை மல்லிக்குக் கவாத்து செய்கிற விவசாயிக்கு எந்த மாதம் எங்கே வெட்டினால் எப்போது அரும்பு வரும் என்று தெரியும். நகரத்து மரத்துக்கு நடப்பது கவாத்து அல்ல, கம்பிக்கு வழி விடுவது.

இன்னொன்று: குல்மோகரும் பெருங்கொன்றையும் பூவும் புதுத்தழையுமாகப் பாரம் ஏறி நிற்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். பெங்களூருவில் இடியும் காற்றுமாகக் கோடை மழை வந்து அடிப்பதும் அப்போதுதான். பூக்காலண்டரையும் காற்றுக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், இந்த இரண்டு மரங்களையும் எந்தச் சாலையில் வைக்கலாம், எங்கே கூடாது என்பது முன்பே தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு நியாயமும் பேச வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் நிறைய சாய்ந்தன. மறுநாளே ‘வெளிநாட்டு மரம் விழுந்தது, நாட்டு மரம் நின்றது’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. சாலையோரம் அதிகமாக நட்டிருந்த மரங்கள் அதிகமாக விழுந்தன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கேபிள் பதிக்கத் தோண்டும்போது ஒரு பக்க வேரை அறுத்து, தண்டின் கழுத்துவரை சிமென்ட் பூசிவிட்டால் வேம்பும் விழும். நட்ட மரத்தின் ஜாதியைக் கேட்பவர்கள் நட்ட குழியின் அகலத்தையும் கேட்டால் நல்லது.

சூழலியலாளர் ஹரிணி நாகேந்திரா தன் சக ஆய்வாளரோடு பெங்களூருவின் சாலை மரங்களைப் பற்றி 2010-இல் வெளியிட்ட ஆய்வு, குழியின் அகலம் என்பது சாலையின் அகலம்தான் என்று காட்டியது. குறுகலான குடியிருப்புத் தெருக்களில் மரம் குறைவு, உருவம் சிறிது, வகையும் சொற்பம். பெரிய பழைய மரங்கள் அகலச் சாலைகளில் நிற்கின்றன. அகலப்படுத்தல் என்று வந்தால் முதலில் கோடரி விழுவதும் அந்தச் சாலைகளில்தான். ஆக, நகரம் தன் மிகப் பெரிய மரங்களைத் தேடித் தேடி இழக்கிறது. இழந்த இடத்தில் புதிதாக வைப்பது பெரும்பாலும் சிறிய மரங்களை.

1980-களில் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் தலைமையில் பெங்களூருவில் ஐந்தாறு ஆண்டுகளில் 15 லட்சம் மரங்கள் வரை நடப்பட்டதாகச் சொல்வார்கள். இன்று அந்த ஊரின் உட்பகுதிகளில் தெரியும் பச்சையில் பெரும்பங்கு அந்த முயற்சியின் பலன். க்ரும்பீகலின் யோசனை சில அரசாங்கச் சாலைகளிலிருந்து இறங்கிச் சாதாரணக் குடியிருப்புகளுக்குப் போனது அப்போதுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் சறுக்கல். கைபேசிப் படம் வந்த பிறகு ‘பெங்களூரு வசந்தம்’ என்றாலே இளஞ்சிவப்பு டபேபூயா ஒன்றுதான் என்றாகிவிட்டது. பத்திரிகைகள் ஆண்டுதோறும் ஜப்பானியச் செர்ரியோடு ஒப்பிடுகின்றன. எல் சால்வடோரின் தேசிய மரத்துக்கு ஜப்பானின் பெயரைச் சூட்டுவது யாருக்குமே உறுத்துவதாகத் தெரியவில்லை. படம் நன்றாக வருகிறது என்பதற்காகப் புது லேஅவுட்டுகளிலும் அலுவலக வளாகங்களிலும் அதே மரத்தை வரிசையாக வைக்கிறார்கள். மூன்று வாரம் கூட்டம், மீதி நாற்பத்தொன்பது வாரம் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தொடர் பூப்பில் ‘தொடர்’ என்ற சொல் கழன்று ‘பூப்பு’ மட்டும் மிஞ்சியிருக்கிறது. பன்மை என்ற அதன் மறைமுக நன்மையும் அதோடு போகிறது.

அயல் மரம் என்றாலே கெடுதல் என்பதும் சரியல்ல. ஆப்பிரிக்க டூலிப்பில் தேன்சிட்டு தேன் குடிக்கிறது. பெருங்கொன்றையில் தேனீ மகரந்தம் எடுக்கிறது. தூங்குமூஞ்சி நம் பறவைகளுக்குத் தாய்வீடாகிவிட்டது. ஆனால் பூவுக்கு வரும் விருந்தாளி வேறு, இலையை நம்பி வாழும் குடும்பம் வேறு. சரக்கொன்றை இலையில் மஞ்சள் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. புங்கை இலைக்கும் அப்படிச் சில குடித்தனக்காரர்கள் உண்டு. ஜகரண்டா இலையைச் சீந்துகிற உள்ளூர்ப் புழுவைக் காண்பது அபூர்வம். ஆப்பிரிக்க டூலிப்புக்கு வேறொரு பெயரும் உண்டு: உலகின் மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரிகளின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பசிபிக் தீவுகளில் காட்டையே மூடியிருக்கிறது. பெங்களூருவின் வறண்ட கோடையில் அது அவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை. ஈரமான மலைச்சரிவு ஊர்கள் பெங்களூருவைப் பார்த்து அதை நடுவதுதான் ஆபத்து. குல்மோகருக்கு நம் ஊரிலேயே ஒரு பங்காளி இருக்கிறது, வாதநாராயணன். அதே பேரினம், பூ வெண்மையும் மஞ்சளும், வாதத்துக்கு அதன் கீரையைத் தேடுவார்கள். கிராமத்து வேலியோரம் நிற்கிற அந்த மரத்தை அலங்கார மரமென்று எந்த நகராட்சியும் நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்தக் காலண்டரை இன்னொரு வெப்பமண்டல நகரத்துக்கு அப்படியே எடுத்துப் போகவும் முடியாது. 1963-இல் மரம் நடும் இயக்கம் தொடங்கிய சிங்கப்பூரிலும் இளஞ்சிவப்பு டபேபூயா உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே மழை ஓயாது. குறிப்பிட்ட மாதம் என்று சொல்ல முடியாது. சில வாரம் மழை விட்டு மறுபடி பெய்தால் பூக்கும். பெரும்பாலும் ஆண்டின் முன்பகுதியிலும் ஆகஸ்ட் வாக்கிலும் வரும், வராமலும் போகும். அவசரத்துக்கு ஆங்சானா என்ற வேங்கை இனத்து மரத்தின் பெரிய கிளைகளையே வெட்டி ஊன்றி ‘உடனடி மரம்’ உண்டாக்கிய நகரம் அது. சில ஆண்டுகளில் நிழல் கிடைத்தது. காற்றில் கிளை முறியும் தொல்லையும் கூடவே வந்தது. அங்கே முதல் கேள்வி நிழல். பூ கிடைத்தால் லாபம்.

மழையும் வெயிலும் தடம் மாறுவதால் பெங்களூருவின் காலண்டரும் முன்போல் நம்பகமாக இல்லை. கேரளத்தில் சித்திரை விஷுவுக்குக் கணி வைக்கக் கொன்றைப்பூ வேண்டும். சில ஆண்டுகளில் அது மாசியிலேயே பூத்து, விஷுவுக்கு உதிர்ந்துபோகிறது என்று புலம்புகிறார்கள். எந்த மரம் எந்த வாரம் பூத்தது, இலை உதிர்த்தது என்று பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் குறித்து அனுப்பும் ‘சீசன்வாட்ச்’ போன்ற திட்டங்கள் நடக்கின்றன. அதில் இலைக்கும் பூவுக்கும் காய்க்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. நூறாண்டுக்கு முன் லால்பாக்கில் கையில் இருந்திருக்க வேண்டிய பதிவேடு அது. அடுத்த முறை ஒரு தெருவுக்கு மரம் தேர்கிறவர்கள் ஏப்ரல் மாதக் கட்டத்தில் எந்த மரத்துக்கு இலை இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நிறத்துக்குப் போகலாம்.

அப்படிப் பார்த்தால் புங்கை முன்னுக்கு வரும். பெங்களூருக்காரர்கள் ‘ஹொங்கே’ என்பார்கள். கோடைத் தொடக்கத்தில் கொஞ்ச நாளுக்கு மட்டும் இலையை மாற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பளபளக்கும் தளிரோடு அடர்த்தியாக நின்றுவிடும். பூவும் அப்போதே. சிறியது, மங்கிய இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை, தழைக்குள் மறைந்திருப்பதால் அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கீழே உதிர்ந்த பிறகுதான் தெரியும். தரையில் பொரி சிதறிக் கிடப்பதாகச் சங்கப் புலவர்கள் பார்த்தது இந்தப் பூவைத்தான். பங்குனியில் ஜகரண்டா வரிசைக்கு எதிரே கைபேசியோடு கூட்டம் நிற்க, அடுத்த திருப்பத்தில் ஒரு புங்கையடியில் இளநீர்க்காரர் வண்டியை நிறுத்தியிருப்பார். வண்டியின் மேலும் சீவிப் போட்ட இளநீர்க் கூடுகளின் மேலும் பொரி விழுந்துகொண்டிருக்கும்.